டிப்ளோமா படிக்கக் காசு எங்கே? ஒரு கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற சேவைக்கால ஆசிரிய ஆலோசகர். திருகோணமலை, கிண்ணியா, மூதூர் வலயங்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிய காலத்தில், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலைபோல ஆகிவிட்டது. இப்போதும் கேள்விகள் வருகின்றன. காசு பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். இடமாற்றம் கேட்டவர்கள் என்னை விட்டுவிடுங்கள்.

ரீச்சர், பட்டதாரியாக நியமனம் பெற்று மூன்று வருடம். இந்த டிப்ளோமாவுக்கு மொத்தம் எவ்வளவு முடியும்? (குச்சவெளி)

தங்கச்சி, பாடநெறிக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம், வருடத்துக்கு வருடம் மாறும். திறந்த பல்கலைக்கழகம், கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், மகரகம தேசிய கல்வி நிறுவகம் எல்லாம் தனித்தனியே அறிவித்தல் போடுகின்றன. அந்தந்த அறிவித்தலில் இருக்கும் தொகைதான் தொகை. பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் கட்டியது உங்களுக்குக் கணக்கில்லை.

உங்களை மடக்கப்போவது அந்தத் தொகை அல்ல. சனிக்கிழமை வகுப்பு மட்டக்களப்பில் என்று வையுங்கள். குச்சவெளியிலிருந்து விடிகாலை பஸ்ஸுக்கு வரமுடியாது, ஆகவே வெள்ளி இரவே திருகோணமலை ரவுனில் தங்கவேண்டும். அடுத்த நாள் மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாகப் போய்த் திரும்ப இருட்டிவிடும். இதில் பஸ் காசு, இரண்டு நேரச் சாப்பாடு, ஒப்படைகளுக்கு டைப் செட்டிங், போட்டோக் கொப்பி. அதைவிட, சனிக்கிழமை நீங்கள் எடுக்கும் ரியூஷன் வகுப்பு நின்றுபோகும். அந்த வருமானத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. என்னிடம் வந்த பலர் பாதியில் நின்றது கட்டணத்தால் அல்ல, இந்தச் சில்லறைகளால். ஒரு கொப்பியில் மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள், பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

இதைப் படிப்பதால் சம்பளத்தில் என்ன வரும்? (தம்பலகாமம்)

2014 ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி பட்டத்தோடு மட்டும் சேர்ந்தவர் 3-1(அ) தரத்தில் இருக்கிறார். டிப்ளோமாவும் இருந்தால் 2-2 தரம். அந்தப் படியேற்றத்துக்குத்தான் இத்தனை ஓட்டமும். முடித்த பிறகு சான்றிதழின் பயனுறு திகதியைப் பாருங்கள். பதவியுயர்வுக் கோவையில் அந்தத் திகதிதான் பேசும்.

மகாபொல கிடைக்குமா?

இல்லை. அது முதற்பட்ட மாணவருக்கான புலமைப்பரிசில்.

வட்டியற்ற மாணவர் கடன் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, 2017இலிருந்து. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க. உங்களுக்கு அல்ல.

சம்பளத்தோடு படிப்பு விடுமுறை எடுக்கலாமா மிஸ்? (கிண்ணியா)

கேட்கலாம். வலயக் கல்வி அலுவலகம் வழியாகவே போகவேண்டும். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் முழுக்க விடுமுறைதான், ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள். சம்பளத்தோடு விடுவித்தால் திரும்பி வந்து இத்தனை காலம் சேவை செய்வேன் என்று உடன்படிக்கை எழுதி வாங்குவார்கள். இடையில் வேலையை விட்டால் காசைத் திருப்பிக் கட்டவேண்டும். கணவர் கட்டாரில், அடுத்த வருடம் நானும் போய்விடுவேன் என்ற யோசனையோடு அதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. அனுமதிக் கடிதம் கையில் வருமுன் பாடநெறிக் கட்டணம் கட்டாதீர்கள். அதிபர் "ஓம், பிரச்சினை இல்லை" என்று வாயால் சொன்னது அனுமதி அல்ல.

இடர் கடன் எடுத்துப் படிக்கலாமா? (ஈச்சிலம்பற்று)

அரச ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் கடன் அது. நிரந்தர நியமனம் உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். வட்டி 4.2 வீதம். வெளியில் அந்த வட்டிக்கு யாரும் தரமாட்டார்கள். ஓர் உதாரணம்: 2,00,000 ரூபாய் எடுத்து 60 மாதத்தில், குறைந்துபோகும் நிலுவைக்கு வட்டி கட்டினால், மொத்த வட்டி 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். மாதத்துக்கு 3,700க்குக் கிட்டக் கழியும். பிணைக்கு இரண்டு அரச ஊழியர் வேண்டும். ஏற்கனவே வீட்டுக் கடன் கழிகிறதென்றால் சம்பளச் சீட்டை முதலில் பாருங்கள். கழிவுகள் சம்பளத்தில் 40 வீதத்தைத் தாண்டினால் விண்ணப்பக் கோவை திரும்பி வரும்.

இதில் ஒரே குறை, வேகம். நான் படித்த வருடம் ஓர் அலுவலக மேசையில் என் கடன் விண்ணப்பம் நான்கு மாதம் படுத்துக் கிடந்தது. முதல் தவணைக்குக் கடைசித் திகதி வந்துவிட்டது. சங்கிலியைக் கழற்றி அடகு வைத்தேன். அந்த அடகுத் துண்டு கல்வி உளவியல் குறிப்புக் கொப்பிக்குள்ளேயே இருந்தது, படிக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். ஆகவே அறிவித்தல் வரும்வரை காத்திராமல் முதலே விண்ணப்பியுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

ரீச்சர், இதற்கெல்லாம் ஏன் அலைச்சல்? எங்கள் ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் 10,000 ரூபாய்ச் சீட்டுப் பிடிக்கிறோம். முதல் மாதமே எடுத்துக் கட்டிவிடலாமே. (மூதூர்)

கழிவுச் சீட்டா, குலுக்கல் சீட்டா? கழிவு என்றால் கூடக் கழித்து விடுபவருக்குத்தான் காசு, முதல் மாதம் அவசரக்காரர் நான்கு பேர் போட்டி போடுவார்கள். ஒரு லட்சத்தை 82,000க்கு எடுப்பீர்கள். பத்து மாதத்துக்கு 18,000 ரூபாய் வட்டி! கந்துவட்டி என்ன, இதென்ன?

கணக்குப் பிழை ரீச்சர். நான் கணித ஆசிரியர். அந்தக் கழிவு பத்துப் பேருக்கும் பிரிகிறது, எடுத்தவருக்கும் பங்கு வரும். (அதே மூதூர்)

சரி தம்பி, பிழை என்னுடையது. கொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டேன். கழிவு முதல் மாதம் 18,000, அடுத்த மாதம் 16,000 என்று இறங்கிக் கடைசி மாதம் ஒன்றுமில்லை என்று வைத்தால் மொத்தக் கழிவு 90,000. ஆளுக்கு 9,000 திரும்புகிறது. ஆக நீங்கள் கட்டுவது 91,000, கையில் வாங்கியது 82,000. செலவு 9,000தான். ஆனால் அதே 82,000ஐ 4.2 வீதத்தில் எடுத்துப் பத்து மாதத்தில் கட்டி முடித்தால் வட்டி 1,600 ரூபாய்கூட வராது. இதையும் கணித ஆசிரியரே சரிபாருங்கள்.

சரிபார்த்தேன், சரிதான். ஆனால் 1,600 ரூபாய்க் கடன் நான்கு மாதம் கழித்து வரும், 9,000 ரூபாய்ச் சீட்டு இந்த மாதமே வரும். உங்கள் சங்கிலிக்கும் வட்டி கட்டியிருப்பீர்களே? (அதே மூதூர்)

கட்டினேன். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் உண்மை.

இருவரும் வட்டிக் கணக்கே பேசுகிறீர்கள் மிஸ். எங்களுக்கு வட்டி கூடாது, நாலு வீதமும் கூடாது. குலுக்கல் சீட்டுத்தான் எங்கள் வழி. அதில் கழிவும் இல்லை. (கிண்ணியா, இன்னொருவர்)

நியாயம். நான் இதை முதலே சொல்லியிருக்கவேண்டும். குலுக்கலில் போட்ட ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே வரும். பிரச்சினை, அந்தக் காசு எப்போது வரும் என்பதுதான். தவணை மாசியில், உங்கள் பெயர் விழுவது ஆவணியில் என்றால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நல்ல வழி கண்டார்கள்: படிக்கப் போகிறவர்களுக்கு முதல் இரண்டு இடத்தையும் விட்டுக்கொடுத்து, மற்றவர்களுக்குக் குலுக்கினார்கள். இன்னொரு ஆபத்து, பிடிப்பவர் இடமாற்றம் வாங்கிப் போவது. யார் எவ்வளவு கட்டினார் என்று மாதாமாதம் கையெழுத்தோடு எழுதுங்கள். "எல்லாரும் நம்மாக்கள்தானே" என்ற பேச்சு வேண்டாம்.

நம்மாக்களிடமே கையெழுத்துக் கேட்டால் மனம் நோகாதா? (சம்பூர்)

காசு போனால் இன்னும் நோகும்.

கட்டணம் எவ்வளவு?

மேலே.

லண்டனில் சித்தி இருக்கிறா. அங்கே போய் பி.ஜி.சி.இ. (பட்டப்பின் கல்விச் சான்றிதழ்) படித்தால் அரசாங்கம் கடன் தருமா? (உவர்மலை)

அந்தக் கடன் அங்கே வதிவிட உரிமை உள்ளவருக்கு. மாணவர் விசாவில் போகிறவருக்கு இல்லை. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவரிடம் அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 2025/26இல் 9,535 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கும் 'சர்வதேச' பி.ஜி.சி.இ. விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது பொதுவாக அங்கே அரச பாடசாலையில் கற்பிக்கத் தேவையான கியூ.டி.எஸ். தகுதியைத் தராது. காசு கட்டுமுன் அந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். சித்தியிடம் அல்ல, நிறுவனத்திடம்.

நான் பாடசாலையில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர். இப்போதே படித்து வைக்கலாமா?

அறிவித்தலில் தகைமை என்ற பகுதியை வாசியுங்கள். 'சேவையிலுள்ள ஆசிரியர்' என்று மட்டும் போட்டிருந்தால் விண்ணப்பக் காசு வீண், அது திரும்பாது. மற்றவருக்கும் இடம் உண்டென்றால் போடலாம்.

வங்கியில் கட்டிய சிட்டை தொலைந்துவிட்டது ரீச்சர்.

ஐயோ. வங்கிக் கிளைக்குத் திகதியோடு போனால் தேடித் தருவார்கள், இன்றே போங்கள். மற்றவர்கள்: சிட்டையைப் போட்டோக் கொப்பி எடுங்கள், போனில் படமும் எடுங்கள். அந்த மை ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

அனுமதி வருமுன் கட்டணம் கட்டிவிட்டேன், இப்போது என்ன செய்ய?

இதைத்தானே மேலே எழுதினேன்! சரி, நடந்தது நடந்துவிட்டது. அதிபரின் சிபாரிசோடு இன்றைய திகதியில் கடிதம் கொடுங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள்.

கட்டணம் தவணையாகக் கட்டலாமா, மொத்தம் எவ்வளவு?

முதல் பாதிக்கு: அநேகமாகக் கட்டலாம், அறிவித்தலில் இருக்கும். இரண்டாம் பாதிக்கு: மேலே.

ரீச்சர், எங்கள் சீட்டில் தை மாதத்திலிருந்து ஓர் இடம் காலி. நீங்கள் வருகிறீர்களா? (அதே மூதூர்)

குலுக்கல் என்றால் பெயரைப் போடுங்கள்.