மாமனாரை விட்டுவிட்டு மருமகளைக் கேட்டது ஏன்?

கேள்வி: போன வாரம் சுகாதாரக் கணக்கெடுப்பு என்று டேப்லெட்டோடு இரண்டு பேர் வந்தார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிற மாமனார் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, எந்த வியாதியும் இல்லாத என்னைத்தான் அந்தக் கருவி காட்டியதாம். மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை. பிரஷரை மூன்று தடவை பார்த்தார்கள், இடுப்பை அளந்தார்கள், மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். மாமனாருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இதெல்லாம் சரியா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றாமல் போனதுதான் சரி. அவர்கள் வைத்தியம் பார்க்க வரவில்லை, ஊரில் எத்தனை பேர் நோய்க்கு வழிவிட்டு வாழ்கிறோம் என்று பார்க்க வந்தவர்கள். வீட்டுக்கு வீடு நோயாளியையே பிடித்து உட்காரவைத்தால் டெல்டா முழுக்கச் சர்க்கரை என்றுதான் கணக்கு வரும். பகலில் வீட்டில் இருப்பவரையே கேட்டாலும் கோளாறுதான், வயலுக்கும் கடைக்கும் போனவர்கள் விடுபட்டுப் போவார்கள். அதனால்தான் வீட்டில் யாரைக் கேட்பது என்று அந்தக் கருவியே குலுக்கல் போட்டு எடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறை இது. கேள்வி, உடல் அளவு, ரத்தம் என்று மூன்று படி. தமிழ்நாட்டில் 2020-லும் இதே முறையில் எடுத்தார்கள். வழக்கமாக 18 முதல் 69 வயது வரைதான் எடுப்பார்கள், மாமனார் 70 தாண்டியவர் என்றால் குலுக்கலிலேயே வந்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டிய மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துவிடுங்கள், அது வேறு கணக்கு.

பிரஷர் மூன்று தடவை எதற்கு என்றால், ஆள் வந்த படபடப்பில் முதல் அளவு ஏறிக் காட்டும். அதை விட்டுவிட்டுப் பின்னிரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள்.

எனக்குக் கவலை அளவுகளில் இல்லை, நாம் சொல்லும் பதிலில்தான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால் எந்த மருமகள் வாயைத் திறப்பாள்? தனியாகக் கேளுங்கள் என்று நீங்களே சொல்லலாம், தப்பில்லை. வெற்றிலையோடு போயிலை போடுகிற பாட்டி, 'புகையிலைப் பழக்கம் இல்லை' என்றுதான் சொல்வார், அவரைப் பொறுத்தவரை பீடி சிகரெட்தான் புகையிலை. அப்புறம் 'வழக்கமான ஒரு வாரத்தில் எவ்வளவு உடல் உழைப்பு' என்ற கேள்வி. நடவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவர்கள்தான் சித்திரையில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள், இதில் எது வழக்கமான வாரம்? டெல்டாவில் இந்தக் கேள்விக்கு நேர் பதில் கிடையாது. சாகுபடிக் காலம், சும்மா இருக்கும் காலம் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அளவுகளைச் சீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் 140/90, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்று எட்டியிருந்தால் அந்த ஒரு சீட்டை வைத்து நீங்களாக மாத்திரை போடவேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.