பயனாளியா, முயற்சியாளரா?

வணக்கம் ஐயா,

கிளிநொச்சியில் ஒரு சுயதொழில் பயிற்சிக்குப் போயிருந்தேன். தொழில் முயற்சியாளர் என்றால் புதிய யோசனையும் துணிவும் தன்னம்பிக்கையும் உள்ளவர் என்று வளவாளர் சொன்னார். என் அம்மா மீள்குடியேறிய காலம் தொட்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலிலும் மற்றக் கோவில் திருவிழாக்களிலும் கச்சான் (நிலக்கடலை) விற்கிறார். உதவித்திட்டப் படிவங்களில் அவர் எப்போதும் 'பயனாளி'தான். 'முயற்சியாளர்' என்ற அந்தப் பெரிய சொல் அவருக்குப் பொருந்தாதா?

வாசகி, முள்ளியவளை

அன்புள்ள தங்கைக்கு,

வளவாளர் சொன்னவை நல்ல குணங்கள்தான். மாப்பிள்ளை பார்ப்பதற்கும் உதவும்.

பாரிஸில் வங்கி நடத்திய ரிச்சர்ட் கான்டில்லன் என்ற அயர்லாந்துக்காரர் எழுதி, அவர் இறந்த பிறகு 1755இல் அச்சான நூலில் எனக்குப் பிடித்த விளக்கம் இருக்கிறது: தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரே முயற்சியாளர். அரசரையும் நிலச்சொந்தக்காரரையும் விட்டால், வருமானம் நிச்சயமான மற்ற எல்லோரும் சம்பளக்காரர்கள். படைத்தளபதிகூட அவர் கணக்கில் சம்பளக்காரர். பிச்சைக்காரரும் திருடரும் முயற்சியாளர்கள்! துணிவைப் பற்றி இதில் பேச்சே இல்லை.

இனி வற்றாப்பளைக்கு வருவோம். வைகாசிப் பொங்கலன்று அங்கே ஒரு கச்சான்கார அம்மாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன். மூட்டைக்குக் கொடுத்த காசு அவருக்குத் தெரியும். மழை வருமா, பக்கத்தில் எத்தனை கடை விரியும், சனம் எப்போது கலையும், எதுவும் தெரியாது. அதனால் பாதியைத்தான் மணலில் வறுத்து வைத்திருந்தார். வறுத்தது மிஞ்சினால் நமத்துப் போகும். பச்சையாக இருப்பதை அடுத்த திருவிழாவுக்குக் கொண்டுபோகலாம். சனத்தைப் பார்த்துப் பார்த்துத் தாச்சியை அடுப்பில் ஏற்றினார். எந்தப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நானும் ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். ஒரு காலபோகத்தில், அறுவடைக்குப் பிறகு விலை ஏறும் என்று நெல்லை விற்காமல் அடுக்கி வைத்தேன். விலை இறங்கியது, எலி தின்றது. அதன் பிறகு மாதச் சம்பளத்தின் அருமை எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

'பயனாளி' என்ற சொல்லில் எனக்குள்ள கோபம் வேறு. எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். போருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே ஆறு வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்தது. தைக்கத் துணி கொடுக்க ஏழாவது வீடு இருக்கவில்லை. தீர்மானம் ஒருவருடையது, நட்டம் இன்னொருவருடையது.

ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் நுண்கடனிலும் இதே கதைதான். திருவிழா இல்லாத கிழமையிலும் தவணைக்காரர் படலையில் நிற்பார். அவருக்கு வருவது நிச்சயம். நிச்சயமின்மை முழுவதும் கச்சான் விற்பவரின் தலையில். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் கட்டமுடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. ஆகவே உங்கள் அம்மாவை முயற்சியாளர் என்று நான் சொல்வதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியிருந்தால் அவர் மாதச் சம்பளத்தையே விரும்பியிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

இந்த வைகாசிக்கு எத்தனை மூட்டை எடுக்கிறார், அதில் எவ்வளவை முதலில் வறுப்பார் என்றும் கேட்டு எழுதுங்கள்.