மஞ்சள் காமாலைக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது அறுபது. ஒரு மாதமாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. நாட்டு மருந்தும் பத்தியமும் பலன் தரவில்லை. மருத்துவர் காமாலை என்று சொல்லி வயிற்று ஸ்கேன் எழுதியிருக்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். காய்ச்சலைப் போலவே காமாலையும் ஓர் அறிகுறிதான். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரை இருக்கும். அது 2, 3 என்று ஏறும்போது விழியில் மஞ்சள் தெரிகிறது. கல்லீரல் அழற்சியிலும் ஏறும், பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் ஏறும், கணையத்தின் தலைப்பகுதியில் உண்டான கட்டி அழுத்தினாலும் ஏறும். உங்கள் அப்பாவுக்கு மலம் வெளுத்து, சிறுநீர் கருமஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்போம். அடைப்பை எந்தச் சாறும் கரைக்காது. எண்டோஸ்கோப்பி மூலம் கல்லை எடுப்பதா, பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பதா, அறுவை சிகிச்சையா என்பதை முடிவு செய்யும் வழியில் ஸ்கேன்தான் முதல் படி. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் அந்த ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல், சீட்டில் ‘காமாலை’ என்று மட்டும் எழுதி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் "காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஊருக்கு அழைத்துப் போகிறேன்" என்று தரகர்கள் நுழைகிறார்கள். வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியான ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகும். பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. கையில் எதையோ தடவிச் சுண்ணாம்பு நீரில் கழுவச் சொல்லி, நீர் மஞ்சளானதும் "காமாலை இறங்குகிறது" என்பார்கள். தடவிய மரப்பட்டைச் சாறு சுண்ணாம்போடு சேர்ந்தால், நோயே இல்லாதவர் கையைக் கழுவினாலும் அந்த நிறம் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கில்பர்ட் என்ற பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்குப் பிலிருபின் அவ்வப்போது சற்றே கூடும். கல்லீரலுக்குத் தீங்கில்லை, சிகிச்சையும் வேண்டாம். பட்டினி கிடந்தால் அவர்களுக்கு அது மேலும் கூடும் என்பதால், கடும் பத்தியம் இருக்க இருக்க மஞ்சள் தெரியும், மஞ்சளைக் கண்டு பத்தியத்தை இன்னும் இறுக்குவார்கள். பெரும்பாலும் இளவயதிலேயே தெரிந்துவிடும் இதைக் காரணம் காட்டி, அறுபது வயதில் புதிதாக வந்த மஞ்சளை அலட்சியம் செய்யக்கூடாது.

இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். இரத்தப் பரிசோதனையில் மொத்தப் பிலிருபினோடு, அடைப்பைக் காட்ட உதவும் நேரடிப் பிலிருபின், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (ஒரு நொதி) அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலோ மனக்குழப்பமோ வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.