அமைதிப்படையின் வெளியேற்றம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்திய அமைதிப்படை வெளியேறும் திட்டமின்றி இலங்கைக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு, பிறகு மாகாண சபைத் தேர்தல், 1988 முடிவதற்குள் வடக்கோடு இணைந்திருப்பது பற்றிக் கிழக்கில் வாக்கெடுப்பு என்று 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலேயே கால அட்டவணை இருந்ததே, அது திட்டம் இல்லையா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

அட்டவணை இருந்தது உண்மை. ஆனால் அது இலங்கை அரசுக்கும் போராளிக் குழுக்களுக்கும் விதிக்கப்பட்டது. படையைப் பற்றி ஒப்பந்தத்தின் இணைப்பில் உள்ளது, தேவைப்பட்டால் இலங்கை அதிபர் அதை அழைக்கலாம், அது போர்நிறுத்தத்தை உறுதிசெய்து நடைமுறைப்படுத்தும் என்பது மட்டுமே. அதன் பணி எப்போது முடிந்ததாகக் கொள்வது, அதை யார் தீர்மானிப்பது, போர்நிறுத்தம் குலைந்தால் என்ன செய்வது என்பவற்றுக்கு அங்கே விடையில்லை. ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய புலிகள் அதில் கையெழுத்திட்டவர்களும் அல்லர்.

1987 ஜூலை இறுதியில் காவலுக்கென்று போய் இறங்கிய படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போரில் இறங்கியது. யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் அதன் துப்பாக்கிகளுக்குப் பலியானார்கள். இதை நாம், இந்தியத் தமிழர்கள், போதிய அளவு பேசியதே இல்லை என்பது என் தீராத வருத்தம்.

அழைக்கும் அதிகாரம் உள்ளவரே போகச் சொல்லவும் முடியும் என்பதும் அந்த இணைப்பின் வரியிலேயே அடங்கியிருந்தது. 1989 ஜூனில், அப்போது இலங்கை அதிபராக இருந்த பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். ஒப்பந்தக் கடமைகள் நிறைவேறவில்லை என்று டெல்லி வாதாடியது. சில மாத அவகாசம் பெற முடிந்ததே தவிர, தங்கியிருக்கும் உரிமையை நிலைநாட்ட முடியவில்லை. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்த பிறகு, கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையில் கப்பலேறியது.

எனினும் திட்டமின்மை என்று நான் முதன்மையாகக் குறிப்பிட்டது தேதியை அல்ல. படை போன பின் அங்கே ஆயுதம் யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கு, போகும் நேரத்தில் அவசரமாகக் கண்ட விடைதான் தமிழ்த் தேசிய ராணுவம். புலிகளுக்கு எதிராக நின்ற ஈழத் தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப் தலைமையிலான வடகிழக்கு மாகாண ஆட்சியைக் காப்பதற்கென்று தெருவிலும் வீட்டிலும் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் பலர், அரைகுறைப் பயிற்சியோடு புலிகளின் முன் நிறுத்தப்பட்டார்கள். படை ஒவ்வோர் இடமாக விலக விலக அவர்கள் வீழ்ந்தார்கள். முதலமைச்சர் வரதராஜப் பெருமாளுக்கு இந்தியாவில் அடைக்கலம் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கப்பலில் இடமிருக்கவில்லை. படை புறப்படும் நாளில் இவர்கள் கதி என்ன என்று, இவர்களைச் சேர்க்கும்போது எவரும் யோசித்ததற்கான தடயம் இவர்களுக்கு நேர்ந்ததில் எங்குமே இல்லை.