“கர்த்தர் ஒருவரே” என்று பழைய ஏற்பாடு சொல்லும்போது, இயேசுவையும் கடவுள் என்று கிறிஸ்தவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

“இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்” (உபாகமம் 6:4). யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஷெமா இது. பிரதான கற்பனை எது என்று ஒரு வேதபாரகர் கேட்டபோது இயேசு சொன்னதும் இதைத்தான் (மாற்கு 12:29). ஆகவே கிறிஸ்தவம் இந்த வசனத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது என்று நினைத்துத் தொடங்கினால் எதுவும் விளங்காது.

விவாதங்களில் வழக்கமாக எடுத்து வீசப்படும் சில ‘ஆதாரங்களை’ முதலில் ஒதுக்கிவிடுங்கள். “மனுஷனை உண்டாக்குவோமாக” (ஆதியாகமம் 1:26) என்ற பன்மை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தைக் காட்டுகிறது என்பார்கள். அடுத்த வசனத்திலேயே வினை ஒருமைக்கு வந்துவிடுகிறது. தேவன் தம் பரலோக சபையைப் பார்த்துப் பேசுகிறார் என்ற யூத விளக்கத்தை இன்று கிறிஸ்தவ அறிஞர்கள் பலரும் ஏற்கிறார்கள். தேவனைக் குறிக்கும் ‘ஏலோஹீம்’ என்ற எபிரேயச் சொல் பன்மை வடிவம் என்ற வாதமும் நிற்காது. பெலிஸ்தரின் தெய்வமான தாகோனுக்கும் அதே சொல்தான் (1 சாமுவேல் 5:7). தாகோன் என்ன மூவரா? 1 யோவான் 5:7-இல் “பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி” என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வருவது இன்னும் ஆபத்து. தொன்மையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார். விவரம் தெரிந்தவரிடம் அதை நீட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, எபிரேய வேதம், அதாவது பழைய ஏற்பாடு, ‘ஒருவர்’ என்று எதைச் சொல்கிறது? பரலோகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றல்ல. சங்கீதம் 82:1 ‘தேவர்களின் நடுவிலே’ தேவன் நியாயம் விசாரிப்பதாகச் சொல்கிறது. 95:3 அவரை எல்லா தேவர்களுக்கும் மகாராஜன் என்கிறது. கோடு வேறு இடத்தில் விழுகிறது. படைத்தவர் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்.

அந்தக் கோட்டை மிக அழுத்தமாகப் போடுவது ஏசாயா 40–48. பின்னணி பாபிலோன் சிறையிருப்பு. பாபிலோனியரின் கதையில் அவர்களுடைய தலைமைத் தெய்வம் மார்துக் சண்டை போட்டு, கடல் தெய்வமான தியாமாத்தின் உடலைப் பிளந்து உலகத்தை உண்டாக்குகிறான். தந்தை ஏயாவிடம் ஆலோசனையும் கேட்கிறான். ஏசாயாவோ, கர்த்தருக்கு ஆலோசனை சொன்னவன் யார் என்று கேட்கிறார் (40:13). வானத்தை விரித்தபோது அவர் தனியாகவே இருந்தார் (44:24). தம் மகிமையை அவர் வேறொருவனுக்கும் கொடார் (42:8). உதவியாளரும் இல்லை, துதியில் பங்காளியும் இல்லை.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8:6-க்கு வாருங்கள். ஏறத்தாழ கி.பி. 55. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதுதான் அங்கே பேச்சு. பல தேவர்களுக்கு எதிராக ஒரு யூதர் எதை எடுப்பார்? ஷெமாவைத்தான். பவுலும் அதையே எடுக்கிறார். ஆனால் ‘ஒரே தேவன்’ என்பதைப் பிதாவுக்கும் ‘ஒரே கர்த்தர்’ என்பதை இயேசுவுக்கும் வைத்து, “அவர்மூலமாய்ச் சகலமும் உண்டாயிருக்கிறது” என்று சேர்க்கிறார். ஷெமாவுக்கு வெளியே இரண்டாவது ஆள் ஒருவரை நிறுத்தவில்லை. கோட்டின் படைத்தவர் பக்கத்தில் இயேசுவை வைக்கிறார். பிலிப்பியர் 2:10-11-இலும் இதே வேலைதான். எல்லா முழங்காலும் தமக்கே முடங்கும் என்று ஏசாயா 45:23-இல் கர்த்தர் சொன்னது இயேசுவின் நாமத்துக்கு வந்துவிடுகிறது.

ஏகத்துவத்தைக் காப்பாற்றவே நான்காம் நூற்றாண்டு சபை மூப்பர் ஆரியுஸ் குமாரனாகிய இயேசுவைப் படைக்கப்பட்டவர் என்றார். உண்மையில் அதுதான் ஏசாயாவை உடைக்கும். படைப்பில் உதவிய ஒரு படைப்பு, அதற்கு ஆராதனை வேறு! கி.பி. 325-இல் நிசேயா நகரில் மாநாடாகக் கூடிய சபைத் தலைவர்கள் “ஒரே கடவுளை விசுவாசிக்கிறோம்” என்று தொடங்கி, குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல என்று சேர்த்த காரணம் இங்கே இருக்கிறது. நேரெதிர் பக்கத்தில் வழுக்குவதும் உண்டு. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று ஞாயிறு பள்ளியில் சொல்லும் விளக்கப்படி ஒரே கடவுள் மூன்று வேஷம் போடுகிறார். அப்படியானால் யோவான் 17-இல் இயேசு யாரிடம் ஜெபிக்கிறார்?

எபிரேய வேதத்தை மட்டும் வாசிக்கும் யூதர் திரித்துவத்துக்கு வந்து சேரமாட்டார். கர்த்தருடைய நாமம் தாங்கிய தூதன் (யாத்திராகமம் 23:21), படைப்பின்போது உடனிருந்த ஞானம் (நீதிமொழிகள் 8) போன்றவை இடம் கொடுக்கின்றன, நிரூபிப்பதில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதலை ஏற்றுக்கொண்டவர்கள் திரும்பிப் போய் வாசித்த வாசிப்பு இது. கிறிஸ்தவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

வாசிக்க விரும்பினால் உபாகமம் 4:32-39, பிறகு ஏசாயா 40–48, பிறகு மாற்கு 12. அந்த அதிகாரத்தில் ஷெமாவோடு நிறுத்திவிடாதீர்கள். அதைச் சொல்லி முடித்த இயேசு, 35-37-இல் சங்கீதம் 110-ஐ எடுத்து, தாவீதே கிறிஸ்துவை ‘ஆண்டவர்’ என்கிறானே, அப்படியிருக்க அவர் தாவீதுக்குக் குமாரனாவது எப்படி என்று அவரே கேட்கிறார்.