ஸ்பாட்டிஃபை அதே பாட்டையே சுற்றிச் சுற்றித் தருகிறது. மலேசியத் தமிழ் ஹிப் ஹாப், இண்டியில் (பெரிய நிறுவனம் இல்லாமல் சொந்தமாக வெளியிடும் பாட்டில்) புதிதாக எப்படித் தேடுவது? மற்றவர்களை எப்படிக் கேட்க வைப்பது?

கேட்டவர் சொன்னது இது: தினமும் செராஸிலிருந்து ஷா ஆலாமுக்குக் காரில் போய் வருகிறார். நம்மூர்த் தமிழ் ராப் ஒன்றைப் போட்டால் மூன்றாவது பாட்டுக்குள் அனிருத் வந்துவிடுகிறார். தப்பித் தவறிப் புதிதாக ஒன்று கிடைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் ஒருவரும் கேட்பதில்லை.

அனிருத்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே கருத்துப் பெட்டியில் அது மட்டும்தான் பேச்சாக இருக்கும்.

பாட்டு காதில் எப்படி விழுகிறது என்பதைவிட, அதைக் கேட்டவர்கள் கூடவே எதைக் கேட்டார்கள், ஒரே பிளேலிஸ்ட்டில் எதை எதோடு சேர்த்து வைத்தார்கள் என்பதுதான் அந்தச் செயலிக்குப் பெரிய துப்பு. நம் ஆட்கள் கல்யாண பிளேலிஸ்ட்டில் உள்ளூர் ராப் இரண்டு போட்டு, மீதி நாற்பதையும் சினிமாப் பாட்டால் நிரப்புவார்கள். செயலி பார்ப்பது அந்தச் சேர்க்கையை. அதனால்தான் வண்டி கிள்ளானில் கிளம்பிக் கோடம்பாக்கத்தில் போய் நிற்கிறது. உங்கள் கணக்கில் பிள்ளைகளின் பாட்டு, தேவாரம், ஆபீஸ் தீபாவளி விருந்துக்குப் போட்டது எல்லாம் கலந்திருந்தால் இன்னும் மோசம். அந்த பிளேலிஸ்ட் ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளியைத் தட்டி, ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதியை அழுத்துங்கள். பிளேலிஸ்ட் அழியாது, அதை வைத்து உங்களை எடை போடுவது மட்டும் குறையும்.

பிறகு புதிதாக ஒரு பிளேலிஸ்ட் திறந்து, ஆறிலிருந்து எட்டுப் பாட்டு போடுங்கள். எட்டும் தனிப்பாட்டாக இருக்க வேண்டும், சினிமாப் பாட்டு ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. ஒரு பிரபலமான சினிமாப் பாட்டு போதும், அதன் கூட்டம் மற்ற ஏழு பாட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பட்டியலுக்குக் கீழே செயலியே சில பாட்டுகளைக் காட்டும். பிடித்ததை மட்டும் மேலே ஏற்றி, புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். ஐந்தாறு சுற்றில் நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் தலை காட்டும். செயலி உங்களுக்கென்று தொகுத்துத் திங்கட்கிழமை தரும் டிஸ்கவர் வீக்லியில் 30 பாட்டு இருக்கும். பிடித்ததை அந்த வாரமே சேமிக்காவிட்டால் அடுத்த திங்கள் துடைத்துவிட்டுப் போய்விடும். புது வெளியீடுகளைக் காட்டும் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ரேடாருக்கு, பாட்டுக்கு இதயம் போடுவதோடு நிறுத்தாமல் கலைஞரையே ஃபாலோ செய்ய வேண்டும்.

செயலியிடம் இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். உண்மையான வேட்டை பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது.

பாடகர் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும்) போட்டவர், மிக்ஸிங் செய்தவர் பெயர்களைப் பிடியுங்கள். ஒரு ராப்பர் வருடத்துக்கு நாலு பாட்டு விட்டாலே அதிகம். ஒரு பீட்மேக்கர் அதே வருடத்தில் பத்துப் பேருக்கு வேலை செய்திருப்பார். மிக்ஸிங் செய்பவரோ பூச்சோங்கில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு வட்டாரத்தில் பாதிப் பேரின் குரலைச் சீர் செய்துகொண்டிருப்பார். அந்த ஒரு பெயரைத் தேடினால் பத்துப் பாடகர் கிடைப்பார்கள், அந்தப் பத்துப் பேரின் பாட்டில் நடுவே ஒரு வர்ஸ் (ராப் பத்தி) மட்டும் பாடிவிட்டுப் போனவர்கள் இன்னொரு பத்து.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்தே பார்க்கலாம். மலேசிய ராப் குழு யோகி பி நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-இல் வந்தது. அதிலுள்ள 'மடை திறந்து' தெரியாத மலேசியத் தமிழர் கிடையாது. அந்த ஒரு பாட்டிலிருந்து மூன்று வழி பிரிகிறது. பின்னோக்கிப் போனால் யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழு, அவர்களின் 1998 ஆல்பம், அங்கிருந்து மலேசிய ஹிப் ஹாப்பின் மலாய், ஆங்கிலக் கிளைகள். பக்கவாட்டில் போனால் நட்சத்திராவின் மற்ற இருவரான டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ், அவர்கள் தனித்தனியாகச் செய்தது, அவர்களோடு பாடியவர்கள். கடல் தாண்டிப் போனால் 2007-இல் 'பொல்லாதவன்' படத்துக்கு யோகி பி பாடியது. 2016-இல் 'கபாலி' வந்தபோது அதில் ராப் பாடிய ரோஷன் ஜாம்ராக் யார் என்று எத்தனை பேர் தேடினார்கள்? தேடியவர்களுக்குக் கே-டவுன் கிளான் குழு கிடைத்தது. சினிமாப் பாட்டை நான் ஒதுக்கச் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அதை வாசலாக வைத்துக்கொள்ளலாம், அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது.

பெயர்களை எங்கே பார்ப்பது? ஸ்பாட்டிஃபையில் பாட்டின் மூன்று புள்ளியைத் தட்டினால் கிரெடிட் வரும். ஆனால் சொந்தமாக வெளியிடுபவர்கள் பலர் அதைச் சரியாக நிரப்புவதில்லை, பாடகர் பெயரையே எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள். அப்போது யூடியூபில் அதே பாட்டின் வீடியோ இல்லாத பதிப்பைத் தேடுங்கள். ஆல்பம் அட்டை மட்டும் அசையாமல் நிற்கும், சேனல் பெயருக்குப் பின்னால் 'டாபிக்' என்று இருக்கும். அதன் விவரப் பெட்டியில் முதல் வரி டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் நிறுவனத்தின் பெயர். கீழே வட்டத்துக்குள் 'பி' எழுத்து, அதற்குப் பக்கத்தில் இருப்பவர் பதிவின் உரிமைக்காரர். அங்கே ஒரு நீளமான எண்ணும் 'ரெக்கார்ட்ஸ் டிகே' என்றும் இருந்தால், டிஸ்ட்ரோகிட் என்ற அப்படியொரு நிறுவனம் வழியாக லேபிள் (வெளியீட்டு நிறுவனம்) பெயர் எதுவும் கொடுக்காமல் ஏற்றிய பாட்டு. பெரும்பாலும் வீட்டில் செய்தது, நீங்கள் தேடுவதும் அதைத்தான். லேபிள் பெயர் இருந்தால் அதை அப்படியே எடுத்துத் தேடல் பெட்டியில் போடுங்கள், அந்த லேபிளின் மற்றவர்கள் வரிசையாக வருவார்கள். வீடியோ இருக்கும் பதிப்பில் இன்னொரு லாபம் உண்டு: கடைசிப் பத்து வினாடியில் ஓடும் நன்றிப் பட்டியல். நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

அடுத்த தலைவலி எழுத்துக்கூட்டல். தேடல் பெட்டியில் இல்லை என்று வந்தால் பாட்டு இல்லை என்று அர்த்தமில்லை. 'வாழ்க்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் போடும்போது 'ழ்'க்கு இசட்-எச் போடலாம், வெறும் எல் போடலாம். 'வா'வுக்கு ஒரு ஏ அல்லது இரண்டு. 'க்க'வுக்கு ஒரு கே அல்லது இரண்டு. கடைசி ஐகாரத்துக்கு ஏ-ஐ அல்லது ஏ-ஒய். ஒரே சொல்லுக்கு 16 வேடம். இசட்-எச் சென்னைப் பழக்கம். நம்மூரில் அடையாளக் கார்டிலேயே 'தமிழ்ச்செல்வன்' எல் போட்டுத்தான் இருக்கிறது, பாட்டுத் தலைப்பும் அதே வழிதான். அதனால் உள்ளூர்ப் பாட்டென்றால் முதலில் எல், அப்புறம் இசட்-எச். 'த'வுக்கு டி, டி-எச் இரண்டும், 'ச'வுக்கு எஸ், சி-எச் இரண்டும் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள், அப்படி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். யூடியூபில் வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு 'ஸ்டேட்டஸ்', 'கவர்' போன்றவற்றை விலக்கினால் குப்பை பாதி குறையும்.

ஒற்றைப் பெயர்க் கலைஞர்களிடம் கவனம். ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள இரண்டு பேரின் பாட்டு ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். சிரம்பான்காரர் என்று நினைத்து நீங்கள் ஃபாலோ செய்தவர் பிரேசில்காரராக இருக்கலாம். படம், லேபிள் வரி, இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இண்டி என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு, கலைஞர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்துக்குப் போங்கள். தமிழில் அங்கே குறைவுதான். ஆனால் 'கோலாலம்பூர்', 'பினாங்கு' என்று ஊர்ப் பெயர் டேகில் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தினால் மலாய், ஆங்கிலம், சீனம் பாடும் உள்ளூர்க் குழுக்கள் கிடைக்கும். தமிழ்ப் பாட்டு கேட்டால் மலாய் ராப்பை ஏன் காட்டுகிறாய் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இங்கே பீட்மேக்கர்கள் மொழி பார்த்து வேலை செய்வதில்லை. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவின் அண்ணன் தம்பிகள், லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும், மலாய்ப் பாட்டில்தான் கொடி நாட்டினார்கள். வேலியைத் தாண்டிப் போய்த்தான் தேட வேண்டும். வெளிநாட்டுத் தமிழில் டொரோன்டோவின் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கம் வாசிக்கும் யான்சன், சிங்கப்பூரின் யங் ராஜா, சென்னையின் ராப்பர் அறிவு, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு ஆகியோரிலிருந்து தொடங்கி, மேலே சொன்ன கிரெடிட் முறையில் பிரித்துக்கொண்டே போங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் ஏறாத பழைய பாட்டுகளும் உண்டு. 2000-களில் சிடியில் வந்து அதோடு நின்றுபோனவை. தாமான் ஜெயா எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எதிரே அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழம்பொருள் சந்தை இருக்கிறது, அங்கே சிடி பெட்டிகளைக் கிளறலாம். தட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, உள்ளே தாள் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தத் தாளில்தான் பீட், ஸ்டூடியோ, நன்றி எல்லாம் இருக்கும். தாள் இல்லாத சிடிக்கு ஐந்து வெள்ளிகூட அதிகம்.

நேரில் கேட்க, பினாங்கில் இருந்தால் ஹின் பஸ் டிப்போ கலைக்கூடத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகலாம். கே.எல்.-இல் கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடம், நிகழ்ச்சி என்றால் அர்பன்ஸ்கேப்ஸ் கலை விழா. போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பவரை உங்களுக்கே தெரியும். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்று பெயரைத் தேடிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒலியைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷசாம் செயலி மேடைப் பாட்டைப் பிடிக்காது. பதிவான ஒலியோடுதான் அது ஒப்பிடும், நேரில் பாடும்போது வேகமும் சுருதியும் மாறிவிடும், வெளிவராத பாட்டென்றால் ஒப்பிடவே ஒன்றுமில்லை. ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பகுதியில்) ஒரு வரியைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு, இறங்கியதும் பாடியவரிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மேடை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மைக்கின் வலைத்தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பாடுவதை எப்போது நிறுத்தப் போகிறார்கள்? அந்த மைக் முன்னால் வரும் குரலை எடுத்து, பின்னால் வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டது. தலைக்குப் பின்பக்கம் இருக்கும் துளைகள் அதற்குத்தான். கையால் மூடினால் நாலா பக்கமும் எடுக்க ஆரம்பித்துவிடும், காலடி ஸ்பீக்கரின் ஒலி உள்ளே போய்க் 'கீ...' என்று கத்தும், குரல் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கும். வீடியோவில் பார்க்க கெத்தாக இருக்கலாம், எழுதிய வரி ஒன்றும் புரியாது. பிறகு சவுண்ட்காரரைத் திட்டுவார்கள். எட்டு மணி என்று போட்டுவிட்டு பத்தரைக்குத் தொடங்குவதும் அப்படித்தான். நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விடும், முக்கியமானவர் மேடையேறும் நேரத்தில் பாதிக் கூட்டம் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, பரிந்துரைக்கு வருகிறேன். குழுவில் போடாதீர்கள். காலை வணக்கப் பூவுக்கும் கிரிக்கெட் மீமுக்கும் நடுவே அது செத்துப்போகும். ஒருவருக்குத் தனியாக, ஒரே ஒரு பாட்டு, ஏன் அவருக்கு என்று ஒரு வரியோடு அனுப்புங்கள். 'செம்ம பாட்டு' என்பது காரணமில்லை. '0:48-இல் தவிலுக்கு மேல் பேஸ் விழும் இடத்தைக் கேள், நீ வாசிப்பவன், உனக்குப் பிடிக்கும்' என்பது காரணம். யூடியூபைக் கணினியில் திறந்தால் பகிரும் பெட்டியிலேயே தொடங்கும் வினாடியைக் குறித்து அனுப்பலாம். அவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று தெரியாவிட்டால் ஓடெஸ்லி தளத்தில் இணைப்பை ஒட்டுங்கள், எல்லாச் செயலிக்கும் சேர்த்து ஒரே இணைப்பாகத் தரும். ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. 2024-இலிருந்து 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு அவர்கள் பதிவு ராயல்டி கொடுப்பதில்லை. சின்னக் கலைஞருக்கு உங்கள் நண்பர்கள் பத்துப் பேர் முழுதாகக் கேட்பது அதனால் பெரிய விஷயம்.

பிளேலிஸ்ட்டாகத்தான் கொடுப்பேன் என்றால் 12 பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள். கே.எல்.-இலிருந்து பினாங்கு வரைக்கும் ஓடும்படி செய்தால் தாப்பா வருவதற்குள் வண்டியில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், ஓட்டுபவரைத் தவிர. மிகவும் பிடித்ததை முதலாவதாக வைக்காதீர்கள், மூன்றாவதாக வையுங்கள். முதல் இரண்டு மெட்டுள்ளதாக, காதுக்கு இடறாததாக இருக்கட்டும்.

வீட்டில் போடுவதற்கு முன் பாட்டைத் தனியாக, கடைசி வரை ஒருமுறை கேளுங்கள். கெட்ட வார்த்தை இருப்பதைக் காட்டும் 'ஈ' குறியை ஏற்றுபவர்தான் போட வேண்டும், பலர் போடுவதில்லை. இரண்டாவது வர்ஸில் அம்மா தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். பழைய பாட்டைச் சாம்பிள் எடுத்த ராப் என்றால் பழையதை முதலில் போடுங்கள். அப்பா கூடவே முணுமுணுக்க ஆரம்பித்ததும், சத்தத்தைக் கூட்டாமல், புதியதை அடுத்துத் தொடர விடுங்கள்.