ஜூமா, பிரைமா?

கேள்வி: நிக்கான் டி3500 வைத்திருக்கிறேன், கூடவே வந்த 18-55 லென்ஸ்தான். ஒன்றரை வயது மகளை வீட்டுக்குள் எடுத்தால் முக்கால்வாசிப் படம் கலங்கி வருகிறது. கடைக்காரர் 70-300 ஜூம் வாங்கச் சொல்கிறார், நண்பர் ஜூம் ஆகாத 50 மி.மீ. பிரைம் லென்ஸ்தான் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். 70-300ஐ வைத்துக்கொண்டு குழந்தையை எடுக்க நீங்கள் எதிர்வீட்டு மாடிக்குத்தான் போகவேண்டும். உங்கள் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். 18-55ஐ 55க்குத் திருப்பிவிட்டால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது); எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அதாவது இப்போது 1/20 நொடி கேட்கிற இடத்தில் 1/200 கிடைக்கும், ஓடுகிற பிள்ளை கலங்காமல் நிற்கும். லென்ஸில் இருக்கும் வி.ஆர். என்ற அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், மகளின் ஓட்டத்தை அல்ல.

சரி, நண்பர் சொன்ன 50? பிரைம் என்றது சரி, அளவுதான் இடிக்கிறது. உங்கள் கேமராவின் சென்சார் சின்னது, அதில் 50 என்பது 75 போலத் தெரியும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன், எங்கள் வீட்டுக் கூடத்தில் முதுகு சுவரில் முட்டிய பிறகும் பாதி ஆள்தான் படத்தில் இருந்தார். 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். பழையது மலிவாகக் கிடைத்தால் பெயரில் ஏஎஃப்-எஸ் இருக்கிறதா என்று பாருங்கள், லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் ஏஎஃப் என்றால் டி3500இல் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும்.

1.8இலேயே எப்போதும் வைத்திருக்காதீர்கள், அதில் தெளிவாக விழும் ஆழம் குறைவு, கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். பிறந்தநாள் கூட்டத்துக்கெல்லாம் 5.6தான் சரி, அதற்கு ஃபிளாஷ் வேண்டும்.

18-55ஐ விற்றுவிடாதீர்கள். தேரோட்டக் கூட்டத்தில் ஓரடி நகர முடியாதபோது ஜூம் இல்லாமல் என்ன செய்வீர்கள்? மணல் பறக்கிற கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதும் வம்பு.

அப்புறம் ஒன்று, காசு கொடுக்கும் முன் அந்த ஜூம் வளையத்தை 35இல் வைத்து டேப் ஒட்டி ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் மறுபடி எழுதுங்கள்.